இடதுபக்கத்து பிரேக்

சோமன் தன் ஆயுளில் நானூறு பேருக்கு மேல் கார் ஓட்டப் படிப்பித்தவர். குன்னத்துகாலில் தொடங்கி காரோடு வரைக்கும், கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, ஸ்டியரிங் பிடிக்கிற கைகளில் பாதியை முதன்முதலில் எடுத்து அதன்மேல் வைத்தவர் அவர்தான். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர்கள் வெறும் சார். சோமனை ஊர் ஆசான் என்றது. அந்த நானூறில் ஒரு டாக்டர் உண்டு, மூன்று பாஸ்டர்கள் உண்டு, வலது எது இடது எது என்று கடைசிவரை சந்தேகம் தீராத ஒரு கணக்கு வாத்தியாரும் உண்டு. இல்லாதது அவருடைய பெண்டாட்டி பிரேமகுமாரி மட்டும்.

ஒரு வீட்டுக்கு ஒரு டிரைவர் போதும் என்று காரணம் சொல்வார். உண்மையில் டிரைவிங் பள்ளி தொடங்கின புதிதில் ஒரு நாள் அவளை உட்காரவைத்துப் பார்த்திருக்கிறார். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் ஆசான் உட்காரும் இடது பக்கத்திலும் ஒரு பிரேக் மிதி உண்டு. ஒரு கம்பி அதையும் ஓட்டுகிறவரின் மிதியையும் இணைக்கும். எதை மிதித்தாலும் இரண்டும் சேர்ந்து தாழும். மற்றவர்களை ஓடையின் விளிம்பு வரைக்கும் போகவிட்டுத்தான் சோமன் தன் மிதியில் கால் வைப்பார். பயம் வந்தால்தான் பாடம் ஏறும் என்பது அவர் கொள்கை. பெண்டாட்டி விஷயத்தில் பயம் அவருக்கு வந்துவிட்டது. பத்து கஜத்துக்குள் பதினொரு தடவை மிதித்தார். எண்ணியது பிரேமகுமாரி. பன்னிரண்டாவதுக்கு இடம் கொடுக்காமல் அவள் இறங்கி வீட்டுக்கு நடந்தாள். அதற்குப் பிறகு அந்த வெள்ளைக் காரோடு அவளுக்கு இருந்த உறவு, காலையில் அதைக் கழுவுவது.

1995இல், ஓணம் கழிந்த மூன்றாம் வாரம், சோமன் அந்த இடது சீட்டிலேயே செத்துப்போனார்.

அப்போது ஸ்டியரிங் பிடித்திருந்தது ஜெயபாய். நெய்யாற்றின்கரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். சானல் கரையில், வாய்க்காலை ஒட்டித் திரும்பும்போது பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை அழுத்திவிட்டாள். வண்டி தண்ணீரைப் பார்த்துப் பாய்ந்தது. விளிம்புக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. நன்றி சொல்லத் திரும்பினால், ஆசான் கண்ணாடி வழியே நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். வலது கால் மிதியின்மேல் ஊன்றியிருக்கிறது. ஜெயபாய் நாடி பார்த்தாள்.

மாரடைப்பு என்றார்கள். கடைசி மூச்சிலும் பிள்ளையைக் காப்பாற்றினார் என்று ஊர் கண் கலங்கியது. ஜெயபாய் மட்டும் சேர்ந்து கலங்கவில்லை. சர்ச் வளைவிலேயே ஆசானின் பேச்சு நின்றுவிட்டது என்று அவள் பிரேமகுமாரியிடம் தனியாகச் சொன்னாள். சர்ச் வளைவிலிருந்து சானல் கரை முக்கால் மைல்.

"கை குளிர்ந்து கெடந்துச்சு அக்கா. நான் தெனமும் பாக்குத சாதனம் ஆக்கும். அது இப்பம் நின்ன நாடி இல்ல."

இதைச் சொன்னவள் அடுத்த வாரம், ஏற்கனவே நாள் கொடுத்திருந்தார்கள் என்பதால், அதே வண்டியைக் கொண்டுபோய் முதல் தடவையிலேயே டெஸ்ட் பாஸாகி லைசென்ஸும் வாங்கினாள். மனிதர்கள் அப்படித்தான்.

பதினாறாம் நாள் காரியமான அடியந்திரத்துக்கு சோமனின் தம்பி மனு மஸ்கட்டிலிருந்து வந்தான். வண்டி அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாங்கினது. மனு நல்லவன், அதனால்தான் அவனோடு சண்டை போட முடியவில்லை. மழையில் கிடந்து துருவேறுவதற்குள் விற்றுவிடலாம் என்றான். பிரேமகுமாரி விற்க வேண்டாம் என்றாள். பாதி படித்த நிலையில் ஆறு பெண்கள் நிற்கிறார்கள், பெண்களுக்கு மட்டுமாகப் பள்ளியைத் திரும்பத் திறந்தால் என்ன என்று கேட்டாள். ஓட்டத் தெரியாதவள் டிரைவிங் ஸ்கூல் நடத்தப் போகிறாளா என்று யாரோ ஒருவர் சிரிக்க, மனு சிரிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டான்.

"மே மாசம் லீவுக்கு வாறேன். அதுக்குள்ள மைனி லைசென்ஸ் எடுத்தா வண்டி மைனிக்கு. இல்லன்னா வித்திரலாம். கேட்டியளா?"

பெருந்தன்மையாகத்தான் சொன்னான். நடக்காது என்ற உறுதி இருக்கும்போது பெருந்தன்மை சுலபம். மறுநாள் காலையில் பிரேமகுமாரி லேனர்ஸ் லைசென்ஸுக்குப் போட்டோ எடுக்கப் போனாள். அப்போது அவளுக்கு முப்பத்தொன்பது வயது; மகள் நீது ப்ரீடிகிரி படித்துக்கொண்டிருந்தாள்.

லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் படிக்கிறவள் வண்டியைத் தொடலாம். ஜெயபாய் வரச் சம்மதித்தாள். வந்து பின் சீட்டில் உட்கார்ந்தாள். செத்தவர்கள் கர்த்தரிடம் இருக்கிறார்கள், காருக்குள் அவர்களுக்கு என்ன வேலை என்பது அவளுடைய திடமான விசுவாசம். அப்படியானால் முன்னால் ஏன் உட்காரவில்லை என்று பிரேமகுமாரி கேட்டாள். முன்னால் வெயிலடிக்கும் என்றாள் ஜெயபாய். பின் சீட்டிலும் அதே வெயில்தான் அடித்தது. பைபிளை மடியில் வைத்துக்கொண்டு அதைத் தாங்கிக்கொண்டாள்.

படிப்பு நடந்தது மெக்கானிக் பொன்னப்பனின் ஒர்க்ஷாப்புக்குப் பின்னால், மரச்சீனிக் கிழங்கு பறித்த வெற்று விளை நிலத்தில். டெஸ்டில் முக்கியம் எச். இங்கிலீஷ் எச் எழுத்தின் வடிவத்தில் கம்பு நட்டு, அதற்குள் முன்னே போய், பின்னே வந்து, குறுக்கே கடந்து மறு காலுக்குப் போக வேண்டும். கம்பில் முட்டக் கூடாது. திரும்பும் முனைகளில் தவிர வேறெங்கும் வண்டி நிற்கவும் கூடாது. சோமன் தன் எச்சுக்கு மரச்சீனிக் கம்புகளை வெட்டி நட்டிருந்தார். இந்த ஊரில் சும்மா கிடைக்கிற கம்பு அது. ஒரே ஒரு தொல்லை, மண்ணில் குத்தினால் தளிர்த்துவிடும். தளிர் வர வர அவர் பிடுங்கிப் புதுக்கம்பு குத்துவார். அவர் போன பிறகு யாரும் பிடுங்கவில்லை. பிரேமகுமாரி போய்ப் பார்த்தபோது ஆசானின் எச் இலை விட்டு, இடுப்பளவு வளர்ந்து, காற்றில்லாத மத்தியானத்திலும் லேசாக ஆடிக்கொண்டு நின்றது. அவர் கையால் குத்தினது என்று அவள் அப்படியே விட்டாள். வண்டி நுழைந்தால் இருபக்கமும் இலைகள் கண்ணாடியைத் தடவும். கை வைத்துத் தேடுகிற மாதிரி ஒரு சத்தம்.

ஓட்டம் அவளுக்கு எளிதாகவே வந்தது. பதினாலு வருஷம் வண்டியைக் கழுவினவளுக்கு அதன் நீள அகலம் கைக்குத் தெரியும். முதல் வாரத்தில் ஒன்றைத்தான் கவனித்தாள்: காலியான இடது பக்கத்தில், யாரும் இல்லாத இடத்தில், மிதி தானாகத் தாழ்ந்து தானாக எழும்புகிறது.

பொன்னப்பன் சிரித்தான். அவளை இறக்கி, குனியவைத்து, கம்பியைக் காட்டினான். அவள் இங்கே மிதிக்கிறாள், அங்கே தாழ்கிறது. ஒரே கம்பி, வேறென்ன. பிரேமகுமாரிக்குச் சமாதானமாயிற்று. சரியான விளக்கம்தான். ஆனால் விளக்கம் நடந்ததில் பாதிக்குத்தான் எட்டியது.

மீதிப் பாதி டிசம்பரில் வந்தது. எச்சின் குறுக்குக் கோட்டில் பின்னால் வந்துகொண்டிருந்தாள். கால் ஆக்ஸிலேட்டரில். பக்கத்திலிருந்த பிரேக் மிதி, அவள் பாதத்தைத் தொடாமல், மெதுவாகக் கீழே போனது. வண்டி நின்றது. கம்புக்கு இன்னும் மூன்று அடி இருந்தது. பின் சீட்டில் ஜெயபாய் பைபிளைப் புரட்டும் சத்தம் நின்றது.

பிரேமகுமாரி இடது பக்கம் திரும்பிப் பார்த்தாள். சீட்டின் ரெக்சினில் பதினாலு வருஷம் ஒரே ஆள் உட்கார்ந்ததால் விழுந்த பள்ளம். அது எப்போதும் உண்டு. வெயில் அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது.

ஜனவரியில் முதல் டெஸ்ட். குறுக்குக் கோட்டின் நடுவில், எந்தக் கம்புக்கும் பக்கத்தில் இல்லாமல், வண்டி நின்றது. பிப்ரவரியில் இரண்டாவது, கடைசி முனைக்கு முன்னால் நின்றது. மார்ச்சில் மூன்றாவது, நகர்ந்த உடனேயே நின்றது. சகோதரி பயத்தை விட்டுவிட்டு வரட்டும் என்று டெஸ்ட் பார்த்த இன்ஸ்பெக்டர் மலையாளத்தில் அன்பாகச் சொன்னார். தன் பயமில்லை இது என்று அவருக்கு எப்படிச் சொல்வது? இத்தனைக்கும் மைதானத்துக்கு வருகிற வழியெல்லாம் ஜெயபாய் ஓட்டினாள். அவள் ஓட்டும்போது ஒரு நாளும் வண்டி சொல்லாமல் நின்றதில்லை.

பொன்னப்பன் பிரேக்கை மொத்தமாக இறக்கி, கழுவி, பார்த்து, திரும்ப ஏற்றினான். ஒரு குறையும் இல்லை. பிரேக் பிடிக்காத வண்டியைச் சரியாக்கலாம், பிடிக்கிற பிரேக்கை என்ன செய்ய என்று கேட்டான். வெயிலில் சூடேறி இறுகியிருக்கும் என்று பார்த்தால், மூன்று டெஸ்டும் காலையில்தான் நடந்தது.

ஊர் இரண்டு பட்டது. இன்னும் அவளைக் காத்துக்கொண்டு கூடவே இருக்கிறார் பாவம், எப்பேர்ப்பட்ட அன்பு என்று ஒரு பக்கம். உயிரோடு இருந்தபோதும் ஓட்டவிடவில்லை, செத்தும் விடுகிறாரில்லை என்று மறு பக்கம். இரண்டும் ஒன்றுதான் என்று பிரேமகுமாரிக்குத் தெரிந்ததுபோல் வேறு யாருக்கும் தெரியவில்லை.

ஏப்ரல் பாதியில் மனுவின் கடிதம் வந்தது. மே நாலாம் தேதி இறங்குகிறான். எல்லையில் வண்டி வாங்கி விற்கும் ஒருவரோடு பேசியும் வைத்திருந்தான். லேனர்ஸின் ஆறு மாதமும் அந்த வாரத்தோடு தீர்கிறது. கடைசி டெஸ்ட் ஏப்ரல் முப்பது.

இருபத்தொன்பதாம் தேதி மத்தியானம் பிரேமகுமாரி ஒர்க்ஷாப்புக்கு வந்து, முதல் தடவையாக, இடது சீட்டில் உட்கார்ந்தாள். பள்ளம் அவளுக்குப் பெரிதாக இருந்தது. அங்கிருந்து பார்த்தால் எல்லாமே வேறு. நிற்கிற வண்டியிலும், எதிரிலுள்ள கம்பு, சுவர், தென்னை எல்லாம் மேலே ஏறிவரப் போகிற மாதிரி. பிடித்துக்கொள்ளக் கையில் ஒன்றும் இல்லை. காலடியில் அந்த மிதி மட்டும். ரப்பர் தேய்ந்து, நடுவில் இரும்பு பளபளவென்று தெரிந்தது. நானூறு பேருக்காகத் தேய்ந்தது.

பொன்னப்பன் கதவோரம் வந்து நின்றான். இவ்வளவு நாள் சொல்லாத ஒன்றை, ஸ்பேனரைத் துடைத்தபடி, சொல்லவா வேண்டாமா என்கிற தினுசில் சொன்னான்.

"டெஸ்டுக்குப் போவும்போ ஆசான் இந்தக் கம்பியைக் கழத்தி வச்சிருவாரு. பிள்ளைகளை நம்பி இல்ல. அவருக்க காலு மேல அவருக்கே நம்பிக்கை கெடையாது."

"இத்தற நாளும் ஏன் சொல்லல்ல?"

பொன்னப்பன் துடைத்த ஸ்பேனரையே திரும்பவும் துடைத்தான். பிரேக்கை மொத்தமாக இறக்கினவன் அந்த ஒரு கம்பியை மட்டும் தொடாமலேதான் வேலை பார்த்திருக்கிறான் என்று அவளுக்கு அப்போது விளங்கியது. பிளயரைக் கேட்டாள். அவன் நீட்டினான், கூட வந்து குனியவில்லை.

கம்பியை மிதியோடு பிடித்துவைத்திருந்தது விரல்நீள இரும்புப் பின் ஒன்று. பிரேமகுமாரி சீட்டின் அடியில் தலையை நுழைத்து அதை இழுத்தாள். வரவில்லை. ஏழு மாதம் யாரும் தொடாத பின் துருப்பிடித்து இறுகியிருக்கும் என்பது நியாயம். இழுக்க இழுக்க உள்ளே இழுத்துக்கொண்டது என்று அவள் பிறகு சொன்னது நியாயத்தில் சேராது. கடைசியில் இழுப்பதை நிறுத்திவிட்டு, தரையில் கன்னம் படக் கிடந்தபடியே பேசினாள். பொன்னப்பனுக்குக் கேட்கட்டும் என்று பேசியதில்லை, அவனுக்குக் கேட்டது.

"இனி நீங்க எறங்கிக்கிடுங்க. டெஸ்ட் எனக்காக்கும்."

பின் வந்துவிட்டது. கம்பி கையோடு கழன்றது. பிரேமகுமாரி அதைச் சேலை முந்தியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், பெட்டியில் சோமனின் சட்டைகளுக்கு நடுவில் வைத்தாள். வரும்போது அழுதிருந்தாள் என்று நீது சொன்னாள். அடியந்திரத்தன்று அவள் அழுததை யாரும் பார்க்கவில்லை.

முப்பதாம் தேதி. டெஸ்ட் மைதானத்தை இரண்டு நாள் முன்புதான் ரோலர் விட்டுச் சமமாக்கியிருந்தார்கள். தாம்பாளத்தில் மாவு பரத்தின மாதிரி கிடந்தது செம்மண். நட்டிருந்த கம்புகளில் சிவப்பு ரிப்பன். ஜெயபாய் தூரத்தில் புளியமரத்தடியில் நின்றாள். பிரேமகுமாரி தனியாக ஏறி, கண்ணாடியைச் சரிசெய்து, எச்சுக்குள் நுழைந்தாள்.

நுழைந்ததும் இடது பக்கத்து மிதி தாழ்ந்தது.

வண்டி நிற்கவில்லை. நிற்பதற்கு அந்த மிதி இப்போது எதோடும் சேர்ந்திருக்கவில்லை. தரையின் தகரத்தில் டப் என்று இடித்து, மெல்ல எழும்பி, திரும்பவும் தாழ்ந்தது. அவள் பார்வையைத் திருப்பவில்லை. முன்னே போனாள், பின்னே வந்தாள். குறுக்குக் கோட்டில் டப், டப் என்று இரண்டு தடவை அடுத்தடுத்து. மூலையில் திரும்பும்போது இடது சீட்டின் ஸ்பிரிங் முனகியது, ஆள் சாய்ந்தால் முனகுமே, அதுபோல. அவள் எண்ணிக்கொண்டே ஓட்டினாள். அவளுக்குப் பழக்கமான எண்ணிக்கை. மறு காலில் பின்னால் வந்து கடைசிக் கம்பைக் கடந்தபோது பதினொன்று ஆகியிருந்தது. பன்னிரண்டாவது வரவில்லை.

எந்தக் கம்பிலும் ரிப்பன் கூட அசையவில்லை. இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போடும்போது, வண்டிக்குள் என்ன சத்தம் என்று மட்டும் கேட்டார். பழைய வண்டி என்றாள் பிரேமகுமாரி. கழற்றிவிட்ட மிதி மேடுபள்ளத்தில் குலுங்கத்தான் செய்யும் என்று பொன்னப்பன் அன்று சாயங்காலம் விளக்கினான். மைதானத்தில் மேடுபள்ளம் இல்லை என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. ஒருவனுக்கு ஒரு விளக்கமாவது மிச்சம் இருக்கட்டுமே.

மே நாலாம் தேதி மனுவை அழைத்துவர திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு அவளே போனாள். பின் சீட்டு முழுக்க அவன் பெட்டிகள். அவன் இடது சீட்டில். பாலராமபுரம் வருவதற்குள் அவன் வலது கால் மிதிக்குப் போய்விட்டது. லாரி எதிரில் வந்தால் மிதிப்பான், நாய் குறுக்கே வந்தால் மிதிப்பான், ஒன்றும் வராவிட்டாலும் மிதிப்பான். கம்பி கழற்றியிருக்கும் விவரம் அவனுக்குத் தெரியாது. பிரேமகுமாரி தன் பிரேக்கைத் தன் தேவைக்கு மிதித்து, வீடு கொண்டுவந்து சேர்த்தாள். இறங்கி, வியர்வையைத் துடைத்து, மனு சாவியை அவள் கையிலேயே விட்டான்.

"வண்டி மைனி வச்சுக்கிடுங்க. பிரேக்கு நல்லா பிடிக்குது."

பள்ளி ஜூனில் திறந்தது. படிப்பிக்கத் தேவையான சர்டிபிகேட் பொன்னப்பனுடையது என்பதால் காகிதத்தில் ஆசான் அவன், சீட்டில் பிரேமகுமாரி. ஒரே ஒரு விஷயம் பாக்கி. இடது பக்கம் பிரேக் இல்லாத வண்டியை வைத்து யாருக்கும் படிப்பிக்க முடியாது. பாதி படித்த ஆறு பெண்களும் வந்துவிட்டார்கள். பதினெட்டு முடிந்த நீது அவர்களுக்கெல்லாம் முன்னால் தன் பெயரை எழுதிவைத்துவிட்டாள்.

கம்பி சட்டைகளுக்கு நடுவில் மூன்று நாள் கிடந்தது. போட்டால் யாருக்குத் திரும்பவும் வழி திறக்கிறது என்று அவளுக்குத் தெரியும். போடாவிட்டால் சாவி வாங்கினதில் அர்த்தமில்லை என்றும் தெரியும். நாலாம் நாள் எடுத்துக்கொண்டு போய், தானே குனிந்து மாட்டி, புதுப் பின் போட்டாள். ஒன்றை மட்டும் மனதில் முடிவு செய்துகொண்டாள்: தன் மகள் ஓட்டும்போது தன் கால் மிதிக்குப் போகக் கூடாது. ஒரு தடவை கூட.

அதற்கு அவள் கண்ட வழி எளிது. விளைக்குப் போனதும் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் சீட்டின்மேல் தூக்கி, சப்பணம் போட்டு, சேலையால் மூடி உட்கார்ந்தாள். பள்ளம் இப்போது அவளுக்குக் கொஞ்சம் பொருந்தியது. கம்புகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தன. நீது ஸ்டார்ட் செய்து, கிளட்சை விட்டு, வண்டியை நகர்த்தினாள். இலைகள் கண்ணாடியைத் தடவத் தொடங்கின. மூன்று கஜம் போயிருக்கும். வண்டி நின்றது.

"அம்மா, பிரேக்கைச் சவிட்டாதே."

நீது எதிரே கம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள், பக்கத்தில் திரும்பவில்லை. பிரேமகுமாரி குனிந்து பார்த்தாள். தேய்ந்த ரப்பர் நடுவில் இரும்பு பளபளக்க, மிதி தரையோடு தரையாக இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல மேலே எழுந்தது.

"நான்தான் மக்கா" என்றாள், சேலைக்குள் காலை இன்னும் இறுக்கி மடக்கிக்கொண்டு. "கம்பைக் கண்டு பேடிச்சுப் போச்சு. இனி சவிட்டல்ல, நீ எடு."